சாயமும் மருந்தும்: தூக்க நோய் ஒட்டுண்ணிகள் கற்பித்த பாடம்

மாலிப் பேரரசை ஆண்ட சுல்தான் இரண்டாம் மாரி ஜாத்தா ஹிஜ்ரி 775ஆம் ஆண்டில் (கி.பி. 1373–74) காலமானார். கருவூலத்தை வீணடித்த கொடுங்கோலராகவே வரலாற்றில் அவர் அறியப்படுகிறார். எனினும் அவரது மரணத்தைப் பற்றிய குறிப்பு மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்றுவிட்டது. அக்குறிப்பை நமக்கு விட்டுச் சென்றவர் பேரறிஞர் இப்னு கல்தூன். சுல்தானைத் தூக்க நோய் பீடித்தது; இரண்டாண்டுகள் அதில் கிடந்து அவர் இறந்தார்; அந்நாட்டு மக்களிடையே, சிறப்பாகத் தலைவர்களிடையே, அந்நோய் மிகுதியாகக் காணப்படுவது; அதற்கு ஆளானவர் விழித்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்து இறுதியில் உயிரிழப்பார் என்பன அவர் தமது 'கிதாபுல் இபர்' நூலில் தரும் செய்திகள். இப்னு கல்தூன் சஹாராவுக்குத் தெற்கே சென்றவரல்லர். மேற்கு ஆப்பிரிக்காவில் காழியாகப் பணியாற்றிய சிஜில்மாசா நகரத்தார் ஒருவரிடம் கேட்டறிந்த செய்திகளையே பதிவு செய்தார். ஆயினும் இன்றைய மருத்துவர் எவரும் அந்த விவரத்தைப் படித்த மாத்திரத்தில் நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டிவிடுவார். இந்நோயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான பதிவுகளுள் ஒன்று இது.

காழியின் வாய்மொழியில் தொடங்கிய இவ்வறிவு, நுண்ணோக்கி வழியாகவும் சாயப்பட்டறை வழியாகவும் வளர்ந்து, மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி என்னும் பெருஞ்சிக்கலை மனிதகுலத்துக்கு முதன்முதலாக அறிமுகப்படுத்திய வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

நோயும் ஒட்டுண்ணியும்

தூக்க நோயை உண்டாக்குவது டிரிப்பனோசோமா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே மட்டும் வாழும் செட்சீ என்னும் ஈ கடிக்கும்போது அது மனித உடலில் நுழைகிறது. முதற்கட்டத்தில் இரத்தத்திலும் நிணநீரிலும் பெருகிக் காய்ச்சலையும் தலைவலியையும் தருகிறது. இரண்டாம் கட்டத்தில் மூளைக்குள் புகுந்து, இரவில் உறக்கமின்மையையும் பகலில் அடக்கவொண்ணா உறக்கத்தையும் மனக்குழப்பத்தையும் விளைவிக்கிறது. மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் மரணமே முடிவு. மனிதரைத் தாக்கும் வகைகள் இரண்டு. மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் காணப்படும் காம்பியன்ஸ் மெதுவாகக் கொல்வது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ரொடீசியன்ஸ் விரைந்து கொல்வது. மாரி ஜாத்தாவின் ஈராண்டுத் துயரம் முதல்வகையோடு ஒத்துப்போகிறது.

இந்த ஒட்டுண்ணிக் குடும்பம் விலங்குகளுக்கு நோய் தரவல்லது என்னும் உண்மை முதலில் வெளிப்பட்டது ஆப்பிரிக்காவில் அன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆகும். 1880இல், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கான் நகரில், படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் 'சர்ரா' என்னும் நோயால் மெலிந்து மடிந்தன. கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் அவற்றின் இரத்தத்தில் துள்ளி நெளியும் நுண்ணுயிரைக் கண்டார். நோயுற்ற விலங்கின் இரத்தத்தை நலமான விலங்கினுள் செலுத்தி நோய் தொற்றுவதையும் காட்டினார். ஆனால் இத்தகைய நுண்ணுயிர் நோய்க்குக் காரணமாகாது என்றே அக்கால மேலதிகாரிகள் கருதினர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1895இல், தென்னாப்பிரிக்கக் கால்நடைகளின் 'நகானா' நோயில் டேவிட் புரூஸ் இதன் இனத்தைக் கண்டார். 1902–03இல் உகாண்டாவின் பெருங்கொள்ளை நோயின்போது ஆல்டோ காஸ்டெல்லானி தூக்க நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் அதைக் கண்டார். எவான்ஸ் கண்ட ஒட்டுண்ணி அவர் பெயராலேயே டிரிப்பனோசோமா எவான்சி எனப்படுகிறது.

சர்ரா ஒட்டுண்ணி, ஆப்பிரிக்கத் தூக்க நோய் ஒட்டுண்ணியிலிருந்தே கிளைத்தது. செட்சீ ஈயின் உடலில் வளர்வதற்கு வேண்டிய மரபுப் பொருளை அது இழந்துவிட்டது. எனவே மாட்டையும் குதிரையையும் கடிக்கும் சாதாரணப் பெரிய ஈக்களின் வாயில் ஒட்டிக்கொண்டு ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. செட்சீ இல்லாத வட ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் வழியாக அது ஆசியாவுக்குப் பரவியதற்கு ஒட்டகச் சாத்துகளே காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மாரி ஜாத்தாவின் உப்பையும் பொன்னையும் சுமந்த அதே ஒட்டகக் குலம் அதன் உறவு நோயையும் சுமந்திருக்கிறது.

சாயத் தொட்டியிலிருந்து பிறந்த மருந்து

நாம் வாழும் இளம்பிள்ளை, கஞ்சமலையை அடுத்த நெசவூர். தறியோசையும் சாயமேறிய நூலும் நம் அன்றாடக் காட்சிகள். இந்நோய்க்கான மருந்து பிறந்த கதை, நூலுக்குச் சாயமிடும் தொழிலோடு பிணைந்தது என்பதை நம்மவர் பலரும் அறிந்திரார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியின் சாயத் தொழிற்சாலைகள் நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்களை உருவாக்கின. அவற்றுள் சில, படிகாரம் போன்ற பிடிமானப் பொருளின் உதவியின்றியே பருத்தி நூலில் நேராகப் பற்றிக்கொண்டன. அறிஞர் பால் எர்லிக்கின் வினா இதிலிருந்துதான் எழுந்தது. சாயம் ஓர் இழையைப் பற்றி மற்றோர் இழையை விட்டுவிடுகிறது. அவ்வாறே நோய்க்கிருமியை மட்டும் பற்றி, நோயாளியின் உடலை விட்டுவிடும் சாயம் ஒன்று இருக்கலாகாதா? ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அவரும் ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகாவும் டிரிப்பனோசோமா தொற்றிய எலிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சாயங்களைச் சோதித்தனர். பருத்திச் சாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று சற்றே பயன் தந்தது. ஆனால் நீரில் எளிதில் கரையவில்லை. சாயத் தொழிற்சாலை ஒன்று அதைக் கரையும் வண்ணம் மாற்றித் தந்தது. 1904இல் வெளிவந்த அச்சாயம் 'டிரிப்பான் சிவப்பு' எனப் பெயர் பெற்றது. ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கப்பட்ட ஒரு பொருள், திட்டமிட்ட தேடலின் விளைவாக, தொற்று நோயொன்றை விலங்கில் குணமாக்கியது அதுவே முதல் முறை எனலாம். மனிதருக்கு அது பயன்படவில்லையாயினும் வழி திறந்துவிட்டது.

1906இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மெஸ்னிலும் நிக்கோலும் 'டிரிப்பான் நீல'த்தைக் கண்டனர். அது கால்நடைகளின் தசையையே நீலமாக்கிவிட்டது. நிறமற்ற ஒன்றைத் தேடிய ஜெர்மன் வேதியியலார் 1916 அளவில் 'பேயர் 205' என்னும் மருந்தை உருவாக்கினர். அதன் அமைப்பை அவர்கள் மறைத்து வைத்தபோதிலும், 1924இல் பிரெஞ்சு வேதியியலார் எர்னஸ்ட் ஃபோர்னோ அதைக் கண்டறிந்து வெளியிட்டார். இன்று சுராமின் எனப்படும் அம்மருந்து, நிறத்தை இழந்த சாயமேயன்றி வேறில்லை.

மருந்துக்கு அடங்காமை: முதற் கண்டுபிடிப்பு

மருந்து பிறந்த அதே ஆய்வகத்தில், அதே ஆண்டுகளில், மருந்தெதிர்ப்பும் பிறந்தது. நம் கருத்தில் இவ்வரலாற்றின் மையம் இதுவே.

எர்லிக்கின் உதவியாளர்களான ஃபிராங்கேயும் ரோலும் தொற்றுற்ற எலிகளுக்குப் பாராஃபுக்சின் என்னும் சாயத்தைக் கொடுத்தனர். (நம் சேலைக் கடைகளில் இன்றும் 'மெஜந்தா' என வழங்கும் நிறப்பெயர் இச்சாயக் குடும்பத்தினுடையதே.) இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணிகள் மறைந்தன, எலிகள் தேறின. சில நாட்களில் நோய் திரும்பியது. மீண்டும் சாயம் கொடுத்தனர், மீண்டும் தேறின, ஆனால் இம்முறை நோய் விரைவில் திரும்பியது. இறுதியில் அச்சாயம் எவ்வளவு கொடுத்தும் ஒட்டுண்ணி அசையவில்லை. அந்த ஒட்டுண்ணியை மருந்தே காணாத புதிய எலிக்கு மாற்றினர். அதன் வழித்தோன்றல்களும் அச்சாயத்துக்கு அடங்கவில்லை. கற்ற பாடத்தைத் தலைமுறைகள் மறக்கவில்லை. 1907இல் எர்லிக் இதை அறிவித்தார். பென்சிலின் பிறப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, மருந்துக்கு அடங்காத கிருமியை அறிவுலகம் கண்டுவிட்டது.

மற்றொன்றையும் அவர் கண்டார். பாராஃபுக்சினுக்கு அடங்காத ஒட்டுண்ணி, ஆர்சனிக் கலந்த அடாக்சில் மருந்துக்கு அடங்கியது. அடாக்சிலுக்கு அடங்காதது டிரிப்பான் சிவப்புக்கு அடங்கியது. ஆகவே ஒட்டுண்ணி பொதுவான வலிமை பெறுவதில்லை. குறிப்பிட்ட மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறது என்று அவர் ஊகித்தார். முழு நோயையும் தொடக்கத்திலேயே, போதிய அளவில், ஒரே அடியாகத் தாக்கி ஒழிக்க வேண்டும். அரைகுறையாகத் தாக்கினால் எஞ்சியவை எதிர்ப்புப் பெற்றுவிடும் என்பது அவர் கண்ட நெறி.

அந்த ஊகம் மெய்ப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1930களின் தொடக்கத்தில் லிவர்பூல் நகர அறிஞர் வாரிங்டன் யார்க்கும் அவர் குழுவினரும், அடங்காத ஒட்டுண்ணி மருந்தை உள்ளே ஏற்காததைக் காட்டினர். 1990களில் கார்ட்டரும் ஃபேர்லாம்பும் அதன் காரணத்தை நெருங்கினர். ஒட்டுண்ணி தன் உணவுக்கூறான அடினோசினை உள்ளிழுக்க மேற்பரப்பில் ஒரு வாயில் வைத்திருக்கிறது. ஆர்சனிக் மருந்தான மெலார்சோப்ரால் அவ்வாயிலின் வழியே நுழைகிறது. வாயில் பழுதுபட்டால் மருந்துக்கு வழியில்லை. 2012இல் மற்றொரு வாயிலும் அறியப்பட்டது. நீரும் கிளிசரினும் செல்லும் அந்த நுண்வழி மாறிப்போனால் மெலார்சோப்ராலும் பென்டமிடினும் ஒருசேரப் பயனிழக்கின்றன. நோயாளிகளிடமிருந்து பெற்ற ஒட்டுண்ணிகளிலும் இம்மாற்றம் காணப்பட்டது. எர்லிக் 1907இல் கருத்தளவில் கண்ட பற்றிடம், ஒரு நூற்றாண்டு கழித்து மரபணுவாக எழுதிக் காட்டப்பட்டது.

சென்னையும் பீகாரும்

இப்பாடம் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1903 மே மாதத்தில் வில்லியம் லீஷ்மன், கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் நோயுற்று இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்பொருள்களைப் பற்றி எழுதினார். அவை சிதைந்த டிரிப்பனோசோமாக்களாக இருக்கக்கூடும் என்றும், தூக்க நோயின் இனத்தைச் சேர்ந்த நோய் இந்தியாவிலும் இருக்கலாம் என்றும் அவர் கருதினார். அதே ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் அவற்றைத் தம் நோயாளிகளிடம், உயிருடன் இருந்தவரின் மண்ணீரலிலும் கண்டார். இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவானி என ரொனால்ட் ராஸ் பெயரிட்டார். காலா ஆசார் எனப்படும் கருங்காய்ச்சலின் காரணி அதுவே. அது டிரிப்பனோசோமா அன்று. ஆனால் ஒரே பெருங்குடும்பத்தின் நெருங்கிய உறவு. லீஷ்மனின் ஊகம் தவறியபோதும் திசை தவறவில்லை.

கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமைன் என்னும் ஆன்டிமனி மருந்தைத் தந்து எண்ணற்றோரைக் காத்தார். அதன் வழிவந்த ஆன்டிமனி ஊசிகள் பல பதிற்றாண்டுகள் பயன் தந்தன. பின்னர் வட பீகாரில் அவை தோற்கத் தொடங்கின. அளவைக் கூட்டினர், நாட்களைக் கூட்டினர், பயன் குறைந்துகொண்டே வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரே மருந்து அண்டை மாநிலமான உத்தரப் பிரதேசத்தில் 86 விழுக்காட்டினரைக் குணமாக்க, பீகாரில் 35 விழுக்காட்டினரையே குணமாக்கியது. தகுதியற்றோர் தந்த ஊசிகள், சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டும் வழக்கம், இடையில் விட்ட மருத்துவம், பணமின்மையால் பாதியில் நின்ற தொடர் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. நிலத்தடி நீரில் கலந்த ஆர்சனிக்கும் ஒட்டுண்ணியைப் பழக்கியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் எலிக்கூண்டில் நிகழ்ந்தது முசஃபர்பூர் கிராமங்களில் மனித உடல்களில் நிகழ்ந்தது. பின்னர் மில்டெஃபோசின் மாத்திரையும், ஒரே முறை செலுத்தும் லிப்போசோம் ஆம்ஃபோடெரிசின் மருந்தும் வந்ததால் நோயாளிகள் எண்ணிக்கை இன்று பெரிதும் குறைந்துள்ளது. ஒரே முறையில் முடியும் மருத்துவத்தில் பாதியில் விடுவதற்கு இடமேயில்லை என்பது கருதத்தக்கது.

ஆப்பிரிக்காவின் தனிமை

தூக்க நோயின் இரண்டாம் கட்டத்துக்கு 1949 முதல் நெடுங்காலம் கிடைத்த முதன்மை மருந்து மெலார்சோப்ரால். அது நரம்பின் வழியே நெருப்பாய் ஏறும் ஆர்சனிக். செலுத்தப்பட்டோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை மூளைப் பாதிப்புக்கு ஆளாகினர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். 1990களில் உகாண்டா, அங்கோலா, காங்கோ, தெற்கு சூடான் பகுதிகளின் சில மையங்களில், இவ்வளவு ஆபத்தை ஏற்றும் பத்தில் மூவருக்கு அது பயன் தரவில்லை.

மாற்று மருந்து இல்லாமலில்லை. எஃப்லோர்னிதின் 1990இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் வாங்குவோர் ஏழைகளாதலால் 1990களின் நடுவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே வேதிப்பொருள் 2000இல் பெண்களின் முகமுடி வளர்ச்சியைக் குறைக்கும் களிம்பாகச் சந்தைக்கு வந்தது! எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வற்புறுத்தியதன் விளைவாக 2001இல் அதை நன்கொடையாகத் தரும் உடன்பாடு ஏற்பட்டது. ஒட்டுண்ணியின் வாயில் அடைபட்டது ஒருபுறம். மருந்துக் கிடங்கின் வாயில் அடைபட்டது மறுபுறம். இரண்டாவதற்கு மரபணுவைக் குறை கூற இயலாது.

1998இல் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் பதிவாயினர். கண்டறியப்படாதோர் அதனினும் பன்மடங்கு என மதிப்பிடப்பட்டது. ஊர் ஊராகச் சென்று இரத்தம் சோதித்ததாலும், ஈப்பொறிகளாலும், 2009 முதல் நிஃபுர்டிமாக்ஸையும் எஃப்லோர்னிதினையும் இணைத்துத் தந்ததாலும் நோய் பின்வாங்கியது. 2018இல் பதிவானோர் ஆயிரத்துக்கும் குறைவு. அவ்வாண்டிலேயே ஃபெக்சினிடசோல் என்னும் வாய்வழி மாத்திரை ஐரோப்பிய மருந்து முகமையின் ஆதரவைப் பெற்றது. 2024இல் அது ரொடீசியன்ஸ் வகைக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அகோசிபோரோல் என்னும் மருந்தை ஒரே ஒரு முறை விழுங்கச் செய்த ஆய்வின் நல்ல முடிவுகள் 2022இல் வெளிவந்தன.

எனினும் எர்லிக்கின் எச்சரிக்கை நிற்கிறது. நிஃபுர்டிமாக்ஸும் ஃபெக்சினிடசோலும் ஒட்டுண்ணிக்குள் உள்ள ஒரே நொதியால் தூண்டப்பட்டே நஞ்சாகின்றன. அந்நொதியைக் குறைத்துக்கொண்ட ஒட்டுண்ணி இரண்டுக்குமே அடங்காது என்பதை ஆய்வகங்கள் காட்டியுள்ளன. பத்து நாள் மாத்திரையை வீட்டில் விழுங்கும் நோயாளி ஐந்தாம் நாளில் தேறிவிட்டதாக எண்ணி நிறுத்தினால் என்னவாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நமக்குள்ள பங்கு

இந்தியாவில் செட்சீ ஈ இல்லை. ஆப்பிரிக்கத் தூக்க நோயும் இல்லை. ஆனால் சர்ரா இருக்கிறது. குதிரை, ஒட்டகம், எருமை, மாடு, நாய் எனப் பலவற்றை அது தாக்குகிறது. 2000ஆம் ஆண்டில் ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் பத்துக்கும் மேற்பட்ட புலிகளைச் சில நாட்களில் பலிகொண்டதும் அதுவே. மனிதரை அது தீண்டாதென நம்பியிருந்த நிலையில், 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் உழவர் ஒருவரின் இரத்தத்தில் அது காணப்பட்டது. மனித இரத்தத்தில் இயல்பாக இருந்து இவ்வொட்டுண்ணிகளைக் கொல்லும் ஒரு புரதம், பிறவியிலேயே அவரிடம் இல்லை என்பது பின்னர் அறியப்பட்டது. அவரைக் காத்தது சுராமின். ஜெர்மன் சாயத் தொட்டியில் தொடங்கிய பயணம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஓர் இந்திய உழவரின் உயிரில் வந்து நின்றது.

சர்ராவுக்குக் கால்நடைகளில் டிமினசீன், குயினாபிரமைன் போன்ற ஊசிகள் வழங்குகின்றன. டிமினசீன் நுழைவது மெலார்சோப்ரால் நுழையும் அதே அடினோசின் வாயிலின் வழியே. மாட்டின் எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாக ஊசியிடுவதும், இரத்தம் சோதிக்காமல் எந்தக் காய்ச்சலுக்கும் அதையே இடுவதும், அவ்வாயிலை அடைத்துக்கொள்ள ஒட்டுண்ணிக்கு நாமே அவகாசம் தருவதாகும். தறியோடு கறவை மாடும் வைத்திருக்கும் குடும்பங்கள் மிகுந்தது நம் சேலம், நாமக்கல் சமவெளி. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. காதுநுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்க்கும் எளிய சோதனை, எவான்ஸ் 1880இல் செய்ததைப் போன்றதே. அதைக் கேட்டுப் பெறுவது மாட்டுக்காரரின் உரிமை. முழு அளவு ஊசியைப் போடச் செய்வது அவரது கடமை.

மருந்தின் ஆற்றல் விலை கொடுத்தவரின் தனிச்சொத்தன்று. அடுத்து நோயுறப்போகும் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து. சாயம் போன நூலை மீண்டும் தோய்க்கலாம். ஆற்றல் போன மருந்தை மீட்பது அரிது. இரண்டாண்டு உறங்கியே இறந்த சுல்தானுக்குக் கருவூலம் இருந்தும் மருந்து இல்லை. நம்மிடம் மருந்து இருக்கிறது. அதை அடுத்த தலைமுறைக்குப் பயனுள்ளதாகவே விட்டுச் செல்வது நம் கையில் உள்ளது.